முஸ்லிம்களுக்குள் இத்தனை பிரிவுகள் இருக்கும்போது ஒற்றுமை சாத்தியமா? சிங்கப்பூரில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

உங்கள் ஊர் நிலவரத்தை எழுதியிருக்கிறீர்கள்: ஒரே தெருவில் இரண்டு பள்ளிவாசல், இரண்டு ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை), ஒரு ஜமாஅத் (பள்ளிவாசலைச் சேர்ந்த குழு) வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு ஜமாஅத்தார் போவதில்லை. நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்து ஐம்பதைத் தாண்டியவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் அத்தாவின் (அப்பாவின்) ஊருக்குப் போயிருந்தேன், தஞ்சாவூர்ப் பக்கம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சுவரொட்டி: "அல்லாஹ்வின் கயிற்றை எல்லோரும் சேர்ந்து பற்றிப் பிடியுங்கள், பிரிந்துவிடாதீர்கள்." குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயம், 103-ஆம் வசனம். பத்தடி தள்ளி எதிர்த்தரப்பு ஜமாஅத்தின் சுவரொட்டி. அதிலும் அதே வசனம்! இரண்டு பேருக்குமே அர்த்தம் ஒன்றுதான்: நீ வந்து என் கயிற்றைப் பிடி.

எங்கள் வீட்டிலேயே இரண்டு மத்ஹபு (மார்க்கச் சட்ட வழிமுறை). அத்தா ஹனஃபி. அம்மாவைப் பெற்ற நன்னா நாகூர்க்காரர், ஷாஃபி. சிறுவயதில் இருவரும் என்னை சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்கு அழைத்துப் போவார்கள். சிங்கப்பூரில் மலாய்க்காரர்கள் ஷாஃபி என்பதால் இமாம் இரண்டாவது ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) குனூத் என்ற பிரார்த்தனையை ஓதுவார். நன்னா கையேந்தி ஆமீன் சொல்வார். அத்தா கையைத் தொங்கவிட்டுச் சும்மா நிற்பார். நடுவில் நான், யாரைப் பார்த்துச் செய்வது என்று தெரியாமல் ஒரு கையை மட்டும் பாதி தூக்கியபடி. தொழுகை முடிந்ததும் மூவரும் பரோட்டா சாப்பிடப் போவோம். இதைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் பேசி நான் கேட்டதில்லை. அஸர் என்னும் மாலைத் தொழுகைக்கும் அப்படித்தான்: ஹனஃபி கணக்கில் நேரம் இன்னும் வந்திருக்காது, ஆனாலும் அத்தா பாங்கு சொன்னதும் போய் ஜமாஅத்தோடு நின்றுவிடுவார்.

நண்டு ஒன்றுதான் கொஞ்சம் சங்கடம். ஹனஃபிகள் நண்டு சாப்பிடுவதில்லை, ஷாஃபிக்குத் தடையில்லை. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் மூத்த பெண்மணி) நோன்புக் காலத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிய நண்டுக் குழம்பைக் கொண்டுவந்து தருவார். அம்மா சிரித்த முகமாக வாங்கி, தானும் நன்னாவும் சாப்பிட்டுவிட்டு, அத்தா வரும் முன் சட்டியைக் கழுவி, இடியாப்பம் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மக்சிக்குக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து இரண்டு சட்டி வந்தது. ஒன்று நண்டு, இன்னொன்று மீன், "உன் அத்தாவுக்கு" என்று.

கருத்து வேறுபாடே இருக்கக்கூடாது என்பவர்களிடம் நான் பனூ குறைழா என்ற குலத்தாரிடம் போன சம்பவத்தைத்தான் நினைவுபடுத்துவேன். "பனூ குறைழா போய்ச் சேராமல் யாரும் அஸர் தொழ வேண்டாம்" என்று நபிகள் (ஸல்) தோழர்களை அனுப்பினார்கள். வழியிலேயே அஸர் நேரம் வந்துவிட்டது. சீக்கிரம் போங்கள் என்பதுதான் அதன் கருத்து என்று சிலர் அங்கேயே தொழுதார்கள். சொன்னது சொன்னதுதான் என்று மற்றவர்கள் போய்ச் சேரும்வரை தொழவில்லை. பிறகு விஷயம் நபிகளிடம் வந்தபோது எந்தத் தரப்பையும் அவர்கள் கண்டிக்கவில்லை. இது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இரண்டு தரப்பும் அன்று ஒரே படையில்தான் இருந்தார்கள். வழியில் தொழுதவர்கள் தனிப் பள்ளி கட்டிக்கொண்டு போய்விடவில்லை.

பிற்காலத்தில் நாம் அதையும் செய்தோம். மக்காவில் கஅபாவைச் சுற்றி நான்கு மத்ஹபுக்கும் தனித்தனி இடம், தனித்தனி இமாம் என்று பல நூற்றாண்டுகள் ஓடியிருக்கின்றன. 1920களில் சவூதி ஆட்சி வந்த பிறகுதான் ஒரே இமாமின் பின்னால் எல்லோரும் தொழும் வழக்கம் வந்தது. இன்று ஹஜ்ஜுக்குப் போய்வரும் யாருக்கும் இது நம்பக்கூட முடியாது.

சரி, சிங்கப்பூருக்கு வருகிறேன். இங்கே எல்லோரும் உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஒற்றுமையில் பாதி இடநெருக்கடியால் வந்தது. கோபித்துக்கொண்டு போய் நாலு பேர் சேர்ந்து ஒரு பள்ளிவாசல் கட்ட இங்கே நிலம் கிடைக்காது. நாடு முழுக்கவே எழுபதைச் சுற்றித்தான் பள்ளிவாசல்கள். 1968-இல் அமைந்த முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம் எல்லாவற்றையும் ஒரு நிர்வாகத்தின் கீழ் வைத்திருக்கிறது. மார்க்கம் கற்றுக்கொடுப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2017 முதல் கட்டாயம். ஊரிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்து, மைக் பிடித்து எதிர்த்தரப்பைக் கிழிப்பது நடக்காது. கட்டாயத்தில் வந்த ஒற்றுமை போலி என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து வருஷம் ஒரே சஃப்பில் (தொழுகை வரிசையில்) கட்டாயமாக நின்றால், பக்கத்தில் நிற்பவனின் முழங்கால் வலி வரைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அவனை வழிகேடன் என்று சொல்ல நாக்கு வராது.

மற்ற பாதியை முன்னோர் யோசித்துச் செய்திருக்கிறார்கள். கம்போங் கிளாமில் இருக்கும் சுல்தான் பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் அதற்கு அறங்காவலர் குழு அமைத்தபோது மலாய், ஜாவா, பூகிஸ், அரபு, தமிழ், வட இந்திய முஸ்லிம்கள் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் இரண்டு பேர் வைத்தார்கள். 1932-இல் கட்டி முடித்த இன்றைய கட்டடத்தில், தங்கக் குவிமாடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை ஓடும். கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் கண்ணாடிப் போத்தலின் அடிப்பாகம். பணம் கொடுக்க வழியில்லாத ஏழைகள் கொடுத்த போத்தல்கள் அவை. கொடுத்தவர் எந்த மத்ஹபு என்று எந்தப் போத்தலிலும் எழுதியில்லை. 1975-இலிருந்து புதிய பேட்டைகளில் பள்ளிவாசல் கட்ட முஸ்லிம்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு சிறு தொகை பிடித்தார்களே, அதுவும் இதே கதைதான். அந்த நிதியில் முதலில் எழுந்தது தோ பாயோவின் முஹாஜிரின் பள்ளிவாசல். எங்கள் அத்தாவின் காசும் அதில் இருக்கிறது என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சொல்வார்.

பெருநாள் பிறைச் சண்டையும் இங்கே குறைவு. முஃப்தி அறிவிப்பார், முடிந்தது. 2022-இல் மலேசியாவுக்கு மே 2 பெருநாள், எங்களுக்கு மே 3. ஜொகூரில் இருக்கும் சின்னம்மா மகள் ரெண்டாங் படமாக அனுப்பித் தள்ளினாள், நாங்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான் கலவரம்.

ஆனால் கைபேசிக்குக் கடிவாளம் இல்லை. ஊர்ச் சண்டை வாட்ஸ்அப் வழியாக நேராக வரவேற்பறைக்கு வந்துவிடுகிறது. எங்கள் குடும்பக் குழுவில் ஒருவர் மௌலித் (நபி புகழ்ப்பாடல்) காணொளி போட, இன்னொருவர் "கப்ருவணங்கி" என்று எழுத, அதற்கு "வஹாபி" என்று பதில் வர, அன்று இரவே ஏழு பேர் வெளியேறினார்கள். பட்டப்பெயர் வைத்து அழைக்காதீர்கள் என்று ஹுஜுராத் சூராவில் நேராகவே வருகிறது. இதற்கு ஹனஃபி, ஷாஃபி, தவ்ஹீத் யாரிடமும் மாற்றுக் கருத்து இல்லை. ஒத்துப்போகும் ஒரு விஷயத்தில் கூட நாம் ஒத்துப்போவதில்லை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிர்வாகத்தில் கணக்குக் கேட்டால் "ஃபித்னா பண்ணாதே, ஒற்றுமையைக் குலைக்காதே" என்று வாயடைப்பவர்களும் உண்டு. நான் சொல்லும் ஒற்றுமை அது இல்லை. கணக்கைக் கேளுங்கள். கேட்டுவிட்டு அதே ஆளின் பின்னால் தொழுங்கள்.

அந்தக் குழுவிலிருந்து வெளியேறியவர்களில் என் பெரியத்தா மகனும் ஒருவர். எனக்கு அண்ணன் முறை, தவ்ஹீத் சிந்தனை உள்ளவர், இறந்தவருக்காக ஓதும் இது போன்ற சடங்குகளை ஏற்காதவர். அதற்கு அடுத்த வருஷம் பெரியத்தா மவுத்தானார். சுவா சூ காங் மையவாடி, மழை விட்ட செம்மண், எல்லோர் செருப்பிலும் சேறு. அடக்கியதும் மலாய் இமாம் பாய் விரித்து உட்கார்ந்து தல்கீன் (இறந்தவருக்கு நினைவூட்டும் உரை) ஓதத் தொடங்கினார். அண்ணன் எழுந்து பத்தடி தள்ளிப் போய் மரத்தடியில் நின்றுகொண்டார். யாரோ முணுமுணுத்தார்கள். இமாம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முடிந்ததும் நேராகப் போய் அவருக்குத்தான் முதலில் கை கொடுத்தார்.

இங்கே கபர் 15 வருஷத்துக்குத்தான். அப்புறம் தோண்டி, மிச்சமிருப்பதை மற்றவர்களுடையதோடு சேர்த்து ஒரே குழியில் அடக்கிவிடுவார்கள். இடம் இல்லை. யார் யாரோடு என்று மத்ஹபு பார்த்துப் பிரிப்பதற்கும் வழியில்லை.

மூன்றாம் நாள் பெரியம்மா வீட்டில் பாத்திஹா, அதாவது இறந்தவருக்காக ஓதிச் சாப்பாடு போடுவது. அண்ணன் வரவில்லை. வரமாட்டார் என்று பெரியம்மாவுக்கும் தெரியும். நெய்ச்சோறு இறக்கியதும் முதலில் ஒரு டிஃபன் கேரியரை நிரப்பி மூடி, சமையலறை மேடையில் தனியாக வைத்துவிட்டார். ஓதி முடித்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு அதை என் கையில் கொடுத்து, "உங்க அண்ணங்கிட்ட கொடு. ஓதுறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சதுன்னு சொல்லு, சாப்பிடுவான்" என்றார்.

சொன்னேன். சாப்பிட்டார்.