25 ஷில்லிங் சம்பளத்தில் கல்யாணம்: 1869-ன் ரோச்டேல் குமாஸ்தாவுக்கு ஒரு நிதித் திட்டம்

கேள்வி: சார், கல்லூரி நாடகக் குழுவுக்காக ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது 1869-ல், இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ரோச்டேல் என்ற ஆலை நகரத்தில். நாயகனுக்கு 22 வயது. கம்பளி ஆலையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. வாரம் 25 ஷில்லிங் சம்பளம். ஒரு விதவை அம்மாள் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். பருத்தி ஆலையில் தறி ஓட்டும் பெண்ணை 1872-ல் கல்யாணம் செய்வதாகத் திட்டம். பாதிச் சம்பளத்தை வாராவாரம் ரோச்டேல் சேமிப்பு வங்கியில் போட்டு, கல்யாணத்துக்குள் வீடு வாங்கிவிடுகிறான் என்று எழுதியிருக்கிறேன். இது நடக்கிற காரியமா? அவன் உங்களிடம் ஆலோசனைக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த வங்கிக் காட்சியை அடித்துவிடுங்கள். ரோச்டேல் சேமிப்பு வங்கி 1849-லேயே மூழ்கிவிட்டது. வங்கியை நடத்திவந்த ஜார்ஜ் ஹாவொர்த் அந்த வருடம் இறந்த பிறகு கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். 71,000 பவுண்டுக்கு மேல் துண்டு விழுந்தது. சேமிப்பு வங்கிகள் வாங்கும் பணத்தை அரசின் தேசியக் கடன் ஆணையர்களிடம் கட்ட வேண்டும் என்பது விதி. மக்கள் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அங்கே போய்ச் சேரவே இல்லை. பாஸ்புக்கில் வரவு எழுதியிருந்தது, அவ்வளவுதான். அறங்காவலர்களைப் பிடிக்கலாம் என்றால், 1844-ல் வந்த சட்டம் அவர்களுடைய பொறுப்பை ஏறக்குறைய முழுவதும் கழற்றிவிட்டிருந்தது.

உங்கள் நாயகன் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. ஆனால் அவன் அம்மாவோ, அறை கொடுத்த அம்மாளோ அதில் பணம் விட்டவர்களாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1869-ல் அந்த ஊரில் 'பேங்க்' என்று சொன்னாலே பெரியவர்கள் முகம் மாறியிருக்கும். நாடகக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்!

அடுத்தது, பாதிச் சம்பளம் என்ற கணக்கு. (அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பென்ஸின் ஒருமைதான் பென்னி.) 25 ஷில்லிங்கில் பன்னிரண்டரை மிச்சம் பிடிக்க அவன் பட்டினி கிடக்க வேண்டும். நாடகத்துக்காக நானே ஒரு உத்தேசக் கணக்கு போட்டேன். அறை, நிலக்கரி, அந்த அம்மாளின் சமையல் கூலி எல்லாம் சேர்த்து 5 ஷில்லிங். சாப்பாட்டுச் சாமான் 8. சலவை 1. துணிமணி, பூட்ஸுக்கு ஒதுக்குவது இரண்டரை. புகையிலை, முடிவெட்டு, சர்ச் காணிக்கை என்று ஒன்றரை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 2. நோய்க்காலச் சங்கத்துக்கு 6 பென்ஸ். மொத்தம் இருபதரை. கையில் நிற்பது நாலரை ஷில்லிங். அதில் நாலு ஷில்லிங்கைத் தனியே எடுத்துவைத்தால் அவன் கெட்டிக்காரன்.

துணிக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். ஆலைத் தொழிலாளி மரக்கட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குமாஸ்தாவுக்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளைக் காலர், பளபளக்கும் பூட்ஸ். அதே ஊரில் தேர்ந்த இயந்திர ஃபிட்டர் இவனைவிட அதிகம் சம்பாதித்திருக்கலாம். ஆனால் கனவானைப் போல் தெரிய வேண்டிய கட்டாயம் ஃபிட்டருக்கு இல்லை. ஆறுதல் ஒன்றே ஒன்று: வருமான வரி கிடையாது. அப்போது வருடம் 100 பவுண்டுக்குக் கீழே வரியே இல்லை. இவனுக்கு வருவது 65.

அந்தக் கோட்டை வைத்துத்தான் அடகுக் கடை ஆசை காட்டும். ஞாயிற்றுக்கிழமை போடும் கோட்டைத் திங்கட்கிழமை அடகு வைப்பது, சனிக்கிழமை சம்பளம் வாங்கி மீட்பது என்று வடக்கு ஆலை நகரங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது வாராந்திர வழக்கம். சட்டப்படி வட்டி இரண்டரை ஷில்லிங்குக்கு மாதம் அரை பென்னி, அதாவது வருடத்துக்கு 20 சதவீதம். பார்த்தால் பெரிய வட்டியாகத் தெரியாது. வில்லங்கம் எங்கே என்றால், ஐந்தே நாளில் மீட்டாலும் முழு மாத வட்டி. 10 ஷில்லிங்குக்கு வைத்தால் ஒவ்வொரு வாரமும் 2 பென்ஸ். 52 வாரத்துக்கு 8 ஷில்லிங் 8 பென்ஸ். 10 ஷில்லிங் கடனுக்கு! நம்ம ஊர் மீட்டர் வட்டிக்காரர்கூட கொஞ்சம் யோசிப்பார். நாயகன் ஒரே ஒரு தடவை அந்தக் கடை வாசலில் நின்று தயங்குவதாக எழுதுங்கள். உள்ளே மட்டும் அனுப்பாதீர்கள்.

சரி, நாலு ஷில்லிங்கை எங்கே போடுவது? ரோச்டேலில் இதற்குப் பதில் சுலபம். அந்த ஊர்தான் நவீனக் கூட்டுறவு இயக்கத்துக்குப் பிறப்பிடம். 1844 டிசம்பர் 21 அன்று டோட் லேன் தெருவில் 28 பேர் 28 பவுண்டு முதலில் ஒரு கடை திறந்தார்கள். விற்றது வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு மாதிரி நாலைந்து சாமான். கடன் கிடையாது, ரொக்கம்தான். வரும் லாபத்தை வாங்கிய தொகைக்கு ஏற்ப உறுப்பினருக்கே பிரித்துக் கொடுத்தார்கள். சேமிப்பு வங்கி கவிழ்ந்த சமயத்தில் இந்தக் கடையின் உறுப்பினர் எண்ணிக்கையைப் பாருங்கள்: 1848-ல் 140, 1849-ல் 390, 1850-ல் 600. காலாண்டுக்கு ஒருமுறை கணக்கைக் கூட்டத்தில் வைக்கும் இடத்துக்கு ஜனம் நகர்ந்திருக்கிறது.

பங்குப் பணத்துக்கு அங்கே 5 சதவீத வட்டி. அது போக, வாங்கிய சாமானுக்கு நல்ல வருடங்களில் பவுண்டுக்கு 2 ஷில்லிங்குக்கு மேல் லாபப் பங்கு. பத்து சதவீதத்துக்கும் மேல் தள்ளுபடி கிடைத்த மாதிரி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாப்பாட்டுப் பணத்தை அப்படியே வீட்டு அம்மாளிடம் கொடுத்து அவர் சாமான் வாங்கினால், லாபப் பங்கு அவர் பேரில்தான் ஏறும். அதனால் நாயகன் தானே உறுப்பினராகி, தேயிலை, சர்க்கரை, பன்றி இறைச்சி எல்லாம் தன் கையால் வாங்கி வந்து, சமைக்க மட்டும் அவரிடம் கொடுக்க வேண்டும். அப்படித் தங்கியவர்கள் உண்டு. தேயிலை டப்பாவுக்குப் பூட்டு போட்டவர்களும் உண்டு. அந்தப் பூட்டை வைத்தே ஒரு காட்சி எழுதலாம்.

இன்னொரு லாபம் கணக்கில் வராது. கடையை நடத்திய கூட்டுறவுச் சங்கம் தன் உபரியில் இரண்டரை சதவீதத்தைப் படிப்புக்கென்று ஒதுக்கியது. உறுப்பினருக்கு நூலகமும் செய்தித்தாள் படிக்கும் அறையும் அதிலிருந்து வந்தவை. குளிர்காலத்தில் தன் அறையில் நிலக்கரியை எரிக்காமல் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

ஆனாலும் எல்லா முட்டையையும் கூட்டுறவுக் கடைக் கூடையில் வைக்க விட மாட்டேன். கடையில் போடுவது பங்கு முதல். தொழில் நொடித்தால் முதலும் நொடிக்கும். 1861 செப்டம்பரில் தபால் அலுவலகச் சேமிப்பு வங்கி வந்துவிட்டது. வட்டி இரண்டரைதான், அதுவும் முழுப் பவுண்டுகளுக்கு மட்டும். பவுண்டுக்கு மாதம் அரை பென்னி. ஆனால் அரசே உத்தரவாதம். ஒரு ஷில்லிங் இருந்தால் கணக்கு திறக்கலாம். வாரம் 2 ஷில்லிங் இங்கே, 2 ஷில்லிங் அங்கே என்று பிரிக்கச் சொல்வேன். வருடத்துக்கு 10 பவுண்டு 8 ஷில்லிங் சேரும். மூன்று வருடத்தில் வட்டியோடு 32 பவுண்டைத் தாண்டும். கடையின் லாபப் பங்கையும் எடுக்காமல் விட்டால் இன்னும் சில பவுண்டு கூடும்.

ஆலையில் யாராவது "அந்தக் கம்பெனி பங்கு பத்து சதவீதம் தருது" என்று காதில் ஓதினால்? 1866 மே மாதம் லண்டனில் ஓவரெண்ட் கர்னி என்ற பெரிய நிதி நிறுவனம் நொறுங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. ஆகவே கூடாது.

நோய்க்காலச் சங்கத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. மான்செஸ்டர் ஆட்ஃபெல்லோஸ், ஃபாரஸ்டர்ஸ் என்று பெரிய சங்கங்கள் இருந்தன. படுத்துவிட்டால் வாராவாரம் ஒரு தொகை வரும், இறந்தால் அடக்கச் செலவு கிடைக்கும். ஆலை முதலாளி வேலைக்கு வராத குமாஸ்தாவுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லாத காலம் அது. சங்கக் கூட்டம் பல ஊர்களில் மதுக்கடை மாடியில் நடக்கும். வாடகைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கோப்பையாவது குடிக்க வேண்டும் என்பது எழுதாத ஏற்பாடு. ஆகவே 6 பென்ஸ் சந்தா சில இரவுகளில் 9 பென்ஸ் ஆகும்.

வீடு? 32 பவுண்டில் வாங்க முடியாது. வாங்கவும் வேண்டாம். அன்றைய இங்கிலாந்தில் வசதியானவர்களே பெரும்பாலும் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். இந்தப் பணம் கட்டில், மேசை, அடுப்புச் சாமான், ஒரு நல்ல கடிகாரம், கல்யாணச் செலவுக்குத் தாராளமாகப் போதும். 10 பவுண்டைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள், முதல் குழந்தைக்கு.

ஒரு விஷயத்தை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை: அந்தப் பெண்ணின் சம்பாத்தியம். லங்காஷயர் பருத்தித் தறிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் துண்டுக்கூலி (நெய்யும் அளவுக்கு ஏற்ற கூலி) ஒன்றுதான். நாலு தறி ஓட்டுகிறவள் என்றால் அவள் கையிலும் சேமிப்பு இருக்கும். ஆனால் 1870 ஆகஸ்ட் வரை, கல்யாணமான பெண்ணின் கூலியும் சேமிப்பும் சட்டப்படி புருஷனுடையது. ஆகஸ்ட் 9 அன்று வந்த சட்டம்தான் அவள் கூலியையும், அதற்குப் பின் சேமிப்பு வங்கியில் அவள் பேரில் போடும் பணத்தையும் அவளுடையதாக்கியது. நீங்கள் கல்யாணத்தை 1872-ல் வைத்திருப்பது அதனால் நல்லதாகப் போயிற்று. 1870 இலையுதிர்காலத்தில் அவள் தன் பேரில் புதிதாக ஒரு தபால் பாஸ்புக் தொடங்கட்டும். அதை அவனிடம் காட்டுகிறாளா, மறைக்கிறாளா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.