ஜெபத்துக்குப் பதில் வராதபோதும் "கர்த்தர் உண்மையுள்ளவர்" என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

"வசனம் வேண்டாம், அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அனுபவத்தையே சொல்கிறேன். ஆனால் வசனம் இல்லாமல் எனக்குச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் எங்கள் ஊர். என் கணவருக்கு இரண்டு கிட்னியும் போய் ஐந்து வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், திருநெல்வேலியில் டயாலிசிஸ். அந்த வருஷம் புத்தாண்டு ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த அட்டையில், இருந்தது எரேமியா 30:17. "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்." பிப்ரவரியில், கிட்னி கெடக் கெட ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் ஒன்பதைத் தாண்டியது.

அட்டையைக் கிழிக்க மனசு வரவில்லை. வேதாகமத்திலிருந்து உருவி, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுவிட்டேன். கோபம்தான். பிறகு டயாலிசிஸ் வார்டு வாசலில் காத்திருந்த நாட்களில் எரேமியாவை முழுசாக வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போகிற சனத்துக்குச் சொன்ன வார்த்தை அது. முந்தின அதிகாரத்திலேயே 70 வருஷம் என்று கணக்கும் சொல்லியாயிற்று. அந்த வாக்குத்தத்தத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமல் அங்கேயே மண்ணாகியிருப்பார்கள். அட்டை அடிக்கும்போது நாம் அந்த 70 வருஷத்தை வெட்டிவிடுகிறோம்.

சபையில் சாட்சி நேரம் வந்தாலும் இதே கதைதான். ஸ்கேனில் கட்டி மறைந்துவிட்டது என்கிறவர்கள் எழும்பிச் சொல்வார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டி மறையாதவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அவரை யாரும் கூப்பிடுவதில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், கூட வந்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று போகிற போக்கில் சொல்கிறார். ஏன் சுகமாகவில்லை என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. "அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்" என்று எழுதியிருப்பதும் அதே நிருபத்தில்தான். பவுலுக்கு இது இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. எனக்கு ரொம்ப நாள் இடித்தது.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் ஃபிஸ்டுலா போடுவார்கள். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கிற சின்ன ஆபரேஷன். அது சரியாக இருந்தால், தொட்டுப் பார்க்கும்போது மடியில் படுத்த பூனை கொர்ரென்று உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். தினமும் பார்க்கச் சொன்னார்கள். விடியற்காலம் அவர் எழும்புமுன்னே இடது கையில் மூன்று விரலை வைத்துப் பார்ப்பேன். "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்று ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். அர்த்தம் இந்த விரல் நுனியில்தான் கிடைத்தது. இன்றைக்கு உண்டான அதிர்வு இன்றைக்கு. நாளையதை இப்போதே தொட்டுப் பார்க்க முடியாது.

மூன்றாம் வருஷம் ஒருநாள் காலையில் அதிர்வு இல்லை. ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் போட்டு, வலது கையில் புதிதாகத் தைத்து, அது தயாராக இரண்டு மாதம். அன்றைக்கு எனக்கு ஜெபம் வரவே இல்லை, வாயைத் திறந்தால் அழுகைதான். மத்தியானம் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருத்தர் பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கினார். கையில் காப்பி ஃபிளாஸ்க். வசனம் சொல்வாரோ என்று பயந்தேன். "ஏளா, நீ செத்த நேரம் படு. தம்பிய நான் பாத்துக்கிடுதேன்" என்றார், அவ்வளவுதான்.

பின்னால் இதை எங்கள் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஒப்பித்த அந்த வசனம் புலம்பல் புத்தகத்தில் இருப்பது, அதில் 'உண்மை' என்று வருகிற இடத்தில் எபிரெயத்தில் எமூனா என்ற சொல் என்றார். அமலேக்கியரோடு யுத்தம் நடந்த அன்று ஜெயத்துக்காக உயர்த்திய மோசேயின் கைகள் பொழுது சாயும்வரை அசையாமல் நின்றதே, யாத்திராகமம் 17-ல், அங்கேயும் அதே சொல்தானாம். அந்தக் கைகள் தானாகவா நின்றன? ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவன் மறுபக்கம் தாங்கினார்கள். உட்கார ஒரு கல்லைக்கூட இழுத்துப் போட்டார்கள். நாலு மணி நேரம் ஊசி குத்திய கையை அசைக்காமல் வைத்திருக்க என் கணவர் படுகிற பாடு எனக்குத் தெரியும். மரத்துப்போனால் அடியில் தலையணையைச் சரிசெய்வது என் வேலை. ஐயர் சொன்னதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

எப்போதும் நம்பிக்கையோடு இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றும் ஒட்டாத நாட்களில் சங்கீதம் 88-ஐச் சத்தமாக வாசிப்பேன். முடிவில் ஒரு துதி வரும் என்று தேடினால் வராது. அப்படியொரு ஜெபத்தையும் கர்த்தர் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார் என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து காத்திருக்கிறோம். அந்த அட்டை இன்னும் ரேஷன் கார்டு கவரில்தான் கிடக்கிறது. மாசாமாசம் அரிசி வாங்கப் போகும்போது கண்ணில் படும், வாசித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே வைத்துக்கொள்வேன்.