இறைச்சி தண்ணீர் விட்டு ரப்பராவது ஏன்?
அரை கிலோ மாட்டிறைச்சியையும் கேரட், குடைமிளகாயையும் ஒன்றாகவே வாணலியில் போட்டதாகவும், தண்ணீர் விட்டு இறைச்சி ரப்பர்போல் ஆனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவும் ஒரே நேரத்தில் விழும்போது வாணலியின் சூடு இறங்கி, கசியும் சாறு உடனே ஆவியாகாமல் தேங்குவதால், இறைச்சி வறுபடாமல் அதிலேயே வெந்துவிடுகிறது.

அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து இறுகிய துண்டை, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவி, சோயா சாஸும் சிறிது சோள மாவும் பிசறி வையுங்கள். எண்ணெய் லேசாகப் புகையத் தொடங்கியதும், மூன்று தடவையாகப் பிரித்து, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, ஒரு நிமிடம் கிளறாமல் விடுங்கள் (கை பரபரக்கத்தான் செய்யும்). அடி சிவந்ததும் புரட்டி எடுத்துவிட்டு, கேரட்டை முதலிலும் குடைமிளகாயைப் பின்னும் வதக்கி, கடைசி அரை நிமிடத்தில் இறைச்சியைச் சேருங்கள். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகே உப்பைத் தொடுங்கள்.