அப்பாவின் பழைய ‘ஆப்பிள்’: சுவிட்சைப் போடும் முன்

கேள்வி: 80களில் கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் அப்பா வாங்கிய ஆப்பிள் II நகல் கம்ப்யூட்டர் எங்கள் செந்தூல் வீட்டில் கிடக்கிறது. கூடவே ஒரு டிரைவ், ஒரு பெட்டி பிளாப்பி. அசல்கூட இல்லாததைப் பழுது பார்ப்பது வீண் வேலையா? பிளக்கில் மாட்டிப் பார்க்கலாமா?

பதில்: மாட்டாதீர்கள், அம்மா. முதலில் பவர் சப்ளையை ஒரு டெக்னீஷியனிடம் கொடுங்கள். மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். பழைய காகித வகையாக இருந்தால் மேலுறை வெடித்து ஈரம் இறங்கியிருக்கும். 240 வோல்ட் பட்டதும் வீடு முழுக்கப் புகைதான். நீங்களே திறக்க வேண்டாம், உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

நகல் என்று தயங்காதீர்கள், உங்களுக்கு அதுதான் வசதி. 1979இல் வந்த ஆப்பிள் II பிளஸ்ஸின் போர்டு, கடையில் கிடைக்கும் சாதாரண சிப்புகளால் ஆனது. தைவானிலும் ஹாங்காங்கிலும் அத்தனை நகல்கள் முளைத்தது அதனால்தான். அந்த சிப்புகளில் பலவற்றை இன்றும் ஜாலான் பசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். 1983இல் வந்த IIe வேறு கதை, அதில் ஆப்பிள் தனக்கென்றே செய்த சிப்புகள் உண்டு. பாதிப் பழுதுகள் சிப்பைக் கழற்றி, அதன் உலோகக் கால்களைத் துடைத்து, திரும்பச் செருகினாலே போய்விடும். ஆனால் கம்ப்யூட்டரின் மூளையான 6502 சிப் கெட்டிருந்தால் இப்போது விற்கும் புது 65சி02ஐ அப்படியே செருகாதீர்கள். பழையதில் ஒன்றாம் கால் கிரவுண்டு, புதியதில் அது வெளியீடு.

என் கவலையெல்லாம் அந்த பிளாப்பிப் பெட்டியைப் பற்றித்தான். போர்டு போனால் ஆர்வலர்கள் செய்யும் நகல் போர்டு கிடைக்கும், அப்பா எழுதி வைத்தது கிடைக்காது. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காத பிளாப்பி அபூர்வம். நீள்வட்டத் துளை வழியாக டார்ச் அடித்து, வட்டை மெல்லச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிரைவில் போடக் கூடாது; டிரைவில் வட்டைப் படிக்கும் ஹெட் அதைச் சுரண்டிவிட்டு, அடுத்த பிளாப்பியையும் கெடுக்கும். ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடலாம்.

சுத்தமானவற்றை ‘ஏடிடி புரோ’ என்ற இலவச மென்பொருளால் லேப்டாப்புக்கு மாற்றலாம். கம்ப்யூட்டரில் 64கே (கிலோபைட்) மெமரியும் பின்னால் கேசட் ஜாக்கும் இருந்தால் ஆடியோ கேபிள்களே போதும், தகவல் ஒலியாகவே போய்ச் சேரும். ஒரு பிளாப்பிக்கு 140கேதான், பொறுமையாகச் செய்யுங்கள். பிளாப்பியில் உள்ளது லேப்டாப்புக்கு வந்ததும், பழைய ஆப்பிளைப் போலவே நடிக்கும் ‘ஆப்பிள்வின்’ எமுலேட்டர் மென்பொருளில் அன்றே திறந்து பார்க்கலாம். இயந்திரத்தை அப்புறம் நிதானமாகப் பழுது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. டிரைவ் கேபிளை மாட்டும்போது பின்களை எண்ணி மாட்டுங்கள். ஒரு வரிசை தள்ளிச் செருகிவிட்டு சுவிட்சைப் போட்டால் டிரைவுக்குள் இருக்கும் 74எல்எஸ்125 சிப் போய்விடும். போனாலும் பரவாயில்லை, சில ரிங்கிட்தான், ஆனால் மாற்ற டிரைவைப் பிரிக்க வேண்டியிருக்கும்.