பழைய கார்களைப் போல இன்றைய கார்கள் உழைப்பதில்லை, ரிப்பேர் செய்யவும் முடிவதில்லை என்கிறார்களே, உண்மையா?

கேள்விக்குள் இரண்டு புகார்கள் இருக்கின்றன. இன்றைய கார்கள் உழைப்பதில்லை என்பது ஒன்று. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரிப்பேர் செய்ய முடிவதில்லை என்பது மற்றொன்று. அதில் விஷயம் இருக்கிறது, ஆனால் எல்லோரும் கைகாட்டும் இடத்தில் இல்லை.

நான் கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய சாதனம்) வண்டியில் ஓட்டப் பழகியவன். அந்த வண்டி மீது இன்னும் பாசம் உண்டு. அதற்குச் செய்த பணிவிடையும் மறக்கவில்லை. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் என்ற சின்ன சுவிட்ச் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்து கருகிவிடும். உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். இடைவெளி மாறினால் பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கும் நகரும், அதையும் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். கார்பரேட்டர் ஜெட்டில் ஒரு துளி தூசி போதும், வண்டி திக்கும். குளிரில் சோக்கை இழுத்துக்கொண்டு கெஞ்ச வேண்டும். கடும் வெயிலில் பெட்ரோல் லைனில் ஆவி அடைத்து நடுவழியில் நிற்கும். இதையெல்லாம் அந்தக் காலத்தில் யாரும் பழுது என்று கணக்கில் சேர்க்கவே இல்லை. வண்டி வைத்திருந்தால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம்.

அக்காலக் கார்கள் பலவற்றின் ஓடோமீட்டரில் கிலோமீட்டருக்கோ மைலுக்கோ ஐந்து இலக்கங்கள்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்ஜியம். இன்று ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது பல கார்களில் இரிடியம் பிளக்கை முதல்முறை மாற்றுகிற தூரம். நடுவில் யாரும் அதைத் தொடக்கூட வேண்டியதில்லை.

இன்ஜின் இப்படி நீடித்து ஓடுவதற்குக் காரணங்கள் உண்டு. கார்பரேட்டர் குளிர்ந்த இன்ஜினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிஸ்டன் ரிங்கும் சுவரும் அப்படித்தான் தேய்ந்தன. எலெக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் அளந்து கொடுப்பதால் அந்தத் தேய்மானம் பெரிதும் குறைந்தது. நல்ல ஆயிலும், உதிரிகளைத் துல்லியமாகக் கடையும் இயந்திரங்களும், ஈயம் நீக்கிய பெட்ரோலும் மீதியைச் செய்தன. பாடியும் அப்படித்தான். 1985-ல் ஜெர்மனியின் ஆடி நிறுவனத்து 100 மாடல் கார் முழுக்கத் துத்தநாகம் பூசிய பாடியோடு வந்தது. அப்புறம் படிப்படியாக மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். அதற்கு முன்பு இன்ஜின் நன்றாக இருக்கும்போதே பாடி துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போன கார்களுக்குக் கணக்கில்லை.

"அப்படியென்றால் ஐம்பது வருடப் பழைய கார்கள் இன்னும் ஓடுகின்றனவே?" என்று கேட்பார்கள். ஓடுகிறவை நம் கண்ணில் படுகின்றன, காயலான் கடைக்குப் போனவை படுவதில்லை. அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்பவர் 1966-ல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013-ல் 30 லட்சம் மைல் தாண்ட வைத்தார். அது கின்னஸ் சாதனை. நல்ல கார்தான், சந்தேகமில்லை. ஆனால் பராமரிப்பில் அவர் காட்டிய ஒழுங்கைச் சேர்த்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். அதே நாட்டில் 2024-ல் சாலையில் இருந்த வண்டிகளின் சராசரி வயது 12.6 ஆண்டு. சாதாரண ஆட்கள் சாதாரணமாகப் பார்த்துக்கொள்ளும் சாதாரண வண்டிகள் அவை.

("பழைய காரின் தகடு கெட்டி" என்கிற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2009-ல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் அமைப்பு 1959 மாடல் செவர்லே பெல் ஏரையும் 2009 மாடல் செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. கெட்டித் தகட்டுக் காரில் ஓட்டுநர் உட்காரும் இடமே நசுங்கியது. புதிய காரின் முன்பக்கம் நொறுங்கியது, உள்ளே இடம் அப்படியே இருந்தது.)

சரி, ரிப்பேருக்கு வருவோம். "எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ், அதனால் கைவைக்க முடியவில்லை" என்பது வழக்கமான புலம்பல். கண்டுபிடிக்கிற வேலையைப் பொறுத்தவரை எலெக்ட்ரானிக்ஸ் நமக்கு உதவித்தான் செய்திருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது. வண்டி தன் பழுதைத் தானே கண்டு குறித்துவைக்கும் முறை அது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட், அதில் கையடக்க ஸ்கேனரைச் செருகினால் பி0301 என்று வரும். ஒன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். இதைக் காதால் கேட்டுச் சொல்லும் மெக்கானிக் அன்று ஊருக்கு ஒருவர் இருந்தாலே பெரிது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், ஸ்கேனர் காட்டும் இந்தக் குறியீட்டை, அதாவது கோடை (code), தீர்ப்பு என்று நினைக்கும் இடத்தில். என் வண்டியில் ஒருமுறை செக் இன்ஜின் விளக்கு எரிந்து பி0171 வந்தது. எரிகலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதைத் தாண்டி அந்தக் கோடு எதுவும் சொல்வதில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்த உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் இன்ஜினை ஓடவிட்டு, இன்டேக் பக்கமாக கார்பரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே காதைக் கொடுத்தார். ஓரிடத்தில் ஐடிலிங் சத்தம் மாறியது. அங்கே ஒரு வேக்கம் குழாய் வெடித்திருந்தது. குழாயை மாற்றினார், முடிந்தது. சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, பாவம். இன்றைக்குப் புதுக் கார் ரிப்பேர் என்ற பெயரில் கொட்டும் பணத்தில் கணிசமான பங்கு, இப்படிக் கோடு பார்த்துப் பாகம் மாற்றுவதில் போகிறது என்பது என் எண்ணம்.

பாகங்கள் கூடினால் பழுதும் கூடும் என்பதும் முழுக்கச் சரியில்லை. 1997-ல் வந்த டொயோட்டா பிரியஸைப் பாருங்கள், பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். இரண்டு மின்மோட்டார், இன்வெர்ட்டர், பெரிய பேட்டரி என்று பயமுறுத்தும். ஆனால் அதில் கிளட்ச் கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, மாற்ற வேண்டிய கியரும் கிடையாது. அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2023-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் ஹைபிரிட்களில் சாதாரண பெட்ரோல் கார்களைவிட 26 சதவீதம் குறைவான பிரச்சினைகள். அதே கணக்கெடுப்பில், வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைபிரிட்களில் 146 சதவீதம் அதிகம். இரண்டுமே சிக்கலான வண்டிகள்தான், எப்படி வடிவமைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். மறுபக்கம், ஆயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட்டில் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) எலெக்ட்ரானிக்ஸ் துளியும் இல்லை. அந்த ரப்பர் ஊறி உதிர்ந்து ஆயில் பம்ப் சல்லடையை அடைத்தால் இன்ஜினே போய்விடும். டீசல் காரைப் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டுகிறவருக்குப் புகை வடிகட்டி அடைத்துக்கொள்வதும் இந்த ரகம்தான்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது பூட்டுகள் மீது. கைப்பிரேக் மின்சாரமாகிவிட்டால் பின்சக்கர பிரேக் பேடை மாற்றுவதற்குக்கூட ஸ்கேனர் வழியாக சர்வீஸ் மோடுக்குப் போக வேண்டியிருக்கிறது. சில கார்களில் புது பேட்டரி போட்டால் அதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். முன்கண்ணாடி மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் கேமராவைத் திரும்ப அளவீடு செய்ய வேண்டும். பழைய இரும்புக்கடையில் கிடைத்த கன்ட்ரோல் யூனிட்டை, அதாவது காரின் கம்ப்யூட்டர் பெட்டியைப் பொருத்தினால், "நீ வேறு காரின் பாகம்" என்று வண்டி மறுத்துவிடும். திருட்டைத் தடுக்க என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் தகராறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-ல் இதற்காகவே சட்டம் போட்டது, வெளி ஒர்க்‌ஷாப்களுக்கும் அதே தகவலைக் கொடு என்று. 2020-ல் வாக்கெடுப்பு நடத்தி, வண்டி வயர்லெஸ்ஸாக அனுப்பும் தகவலுக்கும் அதை நீட்டித்தார்கள்.

இன்னொன்று, பதினைந்து இருபது வருடம் கழித்து என்ன ஆகும் என்பது. கார்பரேட்டர் கேஸ்கெட் கிடைக்காவிட்டால் தாளில் வெட்டிக்கொள்ளலாம், புஷ் கிடைக்காவிட்டால் லேத்தில் கடையலாம். உற்பத்தி நின்றுபோன டச் ஸ்கிரீன் செத்து, ஏசியும் அதற்குள்ளேயே இருந்தால் என்ன செய்வது? இன்ஜின் கல்லுப்போல் இருக்கும், கார் மட்டும் உபயோகப்படாது.

என்னைக் கேட்டால், கையால் வேலை செய்யும் ஆசை இருப்பவருக்கு 1990-களின் கடைசியிலிருந்து 2000-களின் நடுவரை வந்த கார்கள் பொருத்தம். இன்ஜெக்‌ஷன், ஓபிடி, துருப்பிடிக்காத பாடி எல்லாம் வந்துவிட்டன, பூட்டுகள் இன்னும் அவ்வளவாக வரவில்லை. குடும்பத்தோடு தினமும் போக என்றால், பாதுகாப்புக்காகவே புதிதுதான் வாங்குவேன். டர்போ இல்லாத சாதாரண இன்ஜின், ஏசிக்குத் திருகும் குமிழ், டைமிங் செயின் இருந்தால் நல்லது. கியர்பாக்ஸ் ஆயில் "ஆயுளுக்கும் போதும்" என்று கையேட்டில் போட்டிருந்தாலும் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். யாருடைய ஆயுள் என்று அதில் எழுதியிருக்காது. அப்புறம் ஷோரூமுக்குப் போகும்போது ஹெட்லைட் யூனிட் என்ன விலை, வெளி மெக்கானிக் அதைப் பொருத்தினால் எரியுமா என்று கேளுங்கள். விற்பனையாளர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வரட்டும், அதற்குப் பிறகு டெஸ்ட் டிரைவ் போகலாம்.