தேவன் அன்பானவர் என்றால் அவருக்கு ஏன் பயப்பட வேண்டும்?

இந்தக் குழப்பம் பைபிளிலேயே ஒரே வசனத்தில் இருக்கிறது. யாத்திராகமம் 20:20. சீனாய் மலை புகைகிறது, இடி முழங்குகிறது, ஜனங்கள் நடுங்கிப்போய்த் தூரத்தில் நிற்கிறார்கள். மோசே அவர்களிடம் "பயப்படாதிருங்கள்" என்கிறார். அதே மூச்சில், நீங்கள் பாவம் செய்யாதபடி தேவனைப் பற்றிய பயம் உங்களுக்கு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அப்படியானால் இது இரண்டு வகைப் பயம். ஒன்று ஓடி ஒளிய வைப்பது, மற்றது தப்புக்குப் போகும் கையைப் பிடித்து நிறுத்துவது.

எபிரேயத்தில் 'யிரா' என்ற சொல் நடுக்கத்தையும் குறிக்கும், பயபக்தியையும் குறிக்கும். நம் 'பயபக்தி' இரண்டையும் சேர்த்தே வைத்திருப்பது வசதிதான்!

எனக்குப் பிடித்த உதாரணம் லேவியராகமம் 19:14. காது கேளாதவரைத் திட்டாதே, பார்வையற்றவர் வழியில் தடுக்கல் வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு என்கிறது. திட்டினால் அவருக்குக் கேட்காது. கல்லை வைத்தது யார் என்று இவருக்குத் தெரியாது. மாட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லாத இடத்தில்தான் இந்தப் பயத்துக்கு வேலை.

சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகளையும் பாருங்கள். எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னான் எகிப்து ராஜா. அவர்கள் தேவனுக்குப் பயந்ததால் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

சரி, "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று தன் முதல் நிருபத்தில் (1 யோவான் 4:18) சொல்கிறாரே யோவான்? தொடர்ந்து படித்தால், அங்கே தள்ளப்படுவது தண்டனையை நினைத்து வரும் பயம்.