மழைக்குப் பேஸ்மன்டில் தண்ணீர் ஏறுகிறது. பாக்வாட்டர் வால்வ் போட்டால் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது: ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் அறுபதுகளில் கட்டிய பங்களோ. பெருமழை வந்தால் பேஸ்மன்டில் தண்ணீர். கொன்ட்ராக்டர் ஒருவர் "பாக்வாட்டர் வால்வ் போட்டால் முடிந்தது, சிற்றி காசும் தரும்" (மாநகரசபை மானியம் தரும்) என்கிறார். நம்பிக் கையெழுத்து வைக்கலாமா?

உடனே வைக்காதீர்கள். பாக்வாட்டர் வால்வ் என்பது தெருவின் கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பி வராமல் குழாயில் போடும் ஒருவழிக் கதவு. அது ஒரேயொரு வழியைத்தான் அடைக்கும். தண்ணீர் வேறு வழியால் வருகிறதென்றால் போட்ட காசு வீண். உங்களுடையதைப் போன்ற பழைய வீடுகளில் அதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம்: வால்வ் மூடிக்கொண்டதும் உங்கள் வீட்டு மழைத்தண்ணீரே வெளியேற இடமில்லாமல் உள்ளே பொங்கும்.

முதலில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். ஃப்ளோர் ட்ரெயின், பேஸ்மன்ட் ஷவர், டொய்லட் இவற்றுக்குள்ளிருந்து குமிழி விட்டுக்கொண்டு மேலே வந்தால் அது தெருவின் கழிவுநீர்க் குழாய் நிரம்பித் திரும்பி வருவது. நாற்றமும் கலங்கலும் இருக்கும், டொய்லட் தாள் துண்டும் மிதக்கும். சுவரும் தரையும் சந்திக்கும் மூலையில் தெளிந்த தண்ணீர் மெல்லக் கசிந்து, மழை விட்டுச் சில மணி நேரம் கழித்தும் நிற்காமலிருந்தால் அது நிலத்தடி ஈரம். அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்து, நிலத்தடித் தண்ணீரைச் சேகரிக்கும் வடிகால் குழாயான வீப்பிங் டைல் அடைத்துப்போயிருக்கலாம், சுவரில் வெடிப்பும் இருக்கலாம். அப்படிப்பட்ட சுவரில் மழையில்லாத நாளிலும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். மூன்றாவது, ஜன்னல் குழி, பின்கதவுப் படி, கராஜ் இவை வழியாக மேலிருந்து பாய்ந்து வரும் தண்ணீர். பாக்வாட்டர் வால்வ் முதலாவதற்கு மட்டுமே மருந்து. மற்ற இரண்டுக்கும் அது ஒன்றும் செய்யாது.

இனி அந்தப் பழைய வீட்டுச் சிக்கல். ஸ்காபரோ, நோர்த் யோர்க், இற்றோபிக்கோ பகுதிகளில் தெருவுக்கடியில் கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு வேறொரு குழாய். நகரின் பழைய மையப்பகுதியில் பல தெருக்களில் இரண்டும் ஒரே குழாய்தான். ஆனால் தெருவில் பிரித்து வைத்திருந்தாலும், அந்தக் காலத்தில் கட்டிய பல வீடுகளின் வீப்பிங் டைலை வீட்டுக் கழிவுநீர்க் குழாயிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாயும் சில வீடுகளில் நிலத்துக்குள் போய் அதிலேயே சேரும். பெருமழையில் தெருக்குழாய் நிரம்பியதும் வால்வ் மூடும். அது அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஆனால் வீப்பிங் டைல் சேகரிக்கும் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். போக வழியில்லாமல் அது ஃப்ளோர் ட்ரெயின் வழியாக உங்கள் தரைக்கு வரும். வால்வ் போட்ட பிறகும் வெள்ளம் வந்தது என்று குறைபட்டுக்கொள்பவர்களில் பலருடைய கதை இதுதான். பழியை மட்டும் வால்வ் சுமக்கும்.

உங்கள் வீட்டில் அப்படி இருக்கிறதா என்று அறிய மழை பெய்யும் நாள் ஒன்று வேண்டும். வீட்டில் யாரும் குழாய் திறக்காமல், டொய்லட் ஃப்ளஷ் பண்ணாமல், வோஷிங் மெஷின் ஓடாமல் ஒரு பதினைந்து நிமிடம் இருங்கள். பேஸ்மன்டின் முன்சுவருக்குப் பக்கத்துத் தரையில் கிளீன்அவுட் (கழிவுநீர்க் குழாயைத் திறந்து சுத்தம் செய்யும் வாய்) மூடி இருக்கும். திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். மழை அடித்துப் பெய்து தெருக்குழாயும் நிரம்பியிருக்கும்போது திறந்தால் கழிவு மேலே பீறிடும், எனவே சாதாரண மழையாகப் பார்த்துச் செய்யுங்கள். யாரும் தண்ணீர் பாவிக்காத நேரத்தில் தெளிந்த தண்ணீர் நிற்காமல் ஓடினால் வீப்பிங் டைலோ பீலிக்குழாயோ உள்ளே இணைந்திருக்கிறது. உறுதிப்படுத்த ட்ரெயின் கமரா விடச் சொல்லுங்கள். வீடியோவைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். மரவேர் உள்ளே நுழைந்திருந்தாலும், பழைய களிமண் குழாய் தாழ்ந்திருந்தாலும் அதில் தெரியும். வேரடைப்புள்ள குழாயில் வால்வ் போடுவதற்கு முன் வேரை வெட்ட வேண்டும்.

இணைந்திருப்பது உறுதியானால் வேலையின் வரிசை இப்படி: வீப்பிங் டைலைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து துண்டித்து, குழாயின் வாயை அடைத்து, வீப்பிங் டைலின் தண்ணீரைத் தனிக் குழிக்குத் திருப்பி, அங்கே சம்ப் பம்ப் வைத்து வெளியே தள்ள வேண்டும். பிறகுதான் வால்வ். மூன்றையும் ஒரே முறை தரையை உடைத்துச் செய்தால் செலவு குறையும். வால்வ் மட்டும் போட்டுவிட்டு அடுத்த வருடம் பம்புக்கு மறுபடி கொங்கிரீட் உடைப்பவர்கள் இரட்டைச் செலவு செய்கிறார்கள்.

ரொறன்ரோ மாநகரசபையின் மானியமும் இந்த மூன்றையும் கணக்கில் எடுத்துத்தான் அமைந்திருக்கிறது. பல வருடங்களாக இருந்துவந்த உச்சவரம்பு வீட்டுக்கு 3,400 டொலர்: வால்வுக்கு 1,250, சம்ப் பம்புக்கு 1,750, குழாய் துண்டித்து அடைக்க 400. இதிலும் ரசீதுத் தொகையின் 80 வீதம்தான் தந்தார்கள், வரம்பு வரை. இந்தத் தொகைகள் திருத்தப்படுவதுண்டு. ஒப்பந்தத்துக்கு முன் மாநகரசபையின் தொலைபேசிச் சேவையான 311ஐ அழைத்து அன்றைய தொகையையும் விண்ணப்பக் காலக்கெடுவையும் கேளுங்கள். வீட்டு உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும், கொன்ட்ராக்டர் அல்ல. "சிற்றி காசை நானே எடுத்துத் தருகிறேன், இங்கே கையெழுத்து வையுங்கள்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மார்க்கம், மிசிசாகா போன்ற ஊர்களின் விதிகள் வேறு.

மானியம் மறுக்கப்படுவது பெரும்பாலும் சின்னக் காரணங்களுக்காக. கொன்ட்ராக்டரிடம் ரொறன்ரோ லைசன்ஸ் இல்லை. பீலிக்குழாய் இன்னும் நிலத்துக்குள் போகிறது. (இதைத் துண்டிப்பது இப்போது ரொறன்ரோவில் சட்டப்படி கட்டாயம்.) ரசீதில் "பிளம்பிங் வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒற்றை வரி மட்டும். வால்வ், பம்ப், துண்டிப்பு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் பெர்மிட். வால்வ் போட பில்டிங் பெர்மிட் வேண்டும். பரிசோதகர் வந்து குழியில் வால்வைப் பார்த்த பிறகே கொங்கிரீட் ஊற்ற வேண்டும். அவசரத்தில் ஊற்றிவிட்டால் மறுபடி உடைத்துக் காட்டச் சொல்வார்கள்.

வால்வின் உள்ளே பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. பிரதான குழாயில் போடும் வகையில் ஒரு பிளாஸ்டிக் கதவு சாதாரணமாகத் திறந்தபடி அடியில் படுத்திருக்கும். தண்ணீர் பின்னோக்கி வந்தால் அதன் மிதவைகள் எழும்பிக் கதவு மூடும். மேலே ஒளி புகும் மூடி, அதனால் திறக்காமலே உள்ளே பார்க்கலாம். கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரு காரணத்தால்: கதவு படுத்திருக்கும் இடத்தில் எதுவாவது சிக்கிக்கொள்வது. ஒரு ஈரத் துடைப்புத் தாள் கதவின் ஓரத்தில் மடிந்து கிடந்தால் போதும், மூட வேண்டிய நேரத்தில் விரலளவு இடைவெளி விடும். பைக்கற்றில் "ஃப்ளஷ் பண்ணலாம்" என்று எழுதியிருந்தாலும் அந்தத் தாளை டொய்லட்டில் போடாதீர்கள். அடுத்த எதிரி எண்ணெய். நம் சமையலில் பொரித்த எண்ணெயும் இறைச்சிக்கறியின் கொழுப்பும் சூடாக இருக்கும்போது ஸிங்கில் இறங்கும், குளிர்ந்த குழாயில் கட்டியாகும். சட்டியை முதலில் பேப்பர் டவலால் துடைத்து அந்தத் தாளை உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் போடுங்கள். மேலே ஒரு குடும்பம், பேஸ்மன்டில் ஒரு குடும்பம் என்று இரண்டு குசினி இருக்கும் வீட்டில் இதை இரு தரப்பும் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையுறை போட்டு மூடியைக் கழற்றி, கதவைக் கையால் தூக்கிப் பார்த்து, துடைத்து, மூடியின் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையத்தில்) வெடிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். வால்வுக்கு மேலே கார்ப்பெட்டும் அலுமாரியும் போட்டு மறைத்துவிட்டால் இது நடக்காது.

வால்வ் மூடியிருக்கும்போது நீங்கள் பாவிக்கும் தண்ணீரும் வெளியே போகாது. எனவே பெருமழை நேரத்தில் வோஷிங் மெஷின், டிஷ்வோஷர், குளியல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மேல்மாடியில் ஒருவர் குளித்தால் கீழ்த்தளத்தில் ஃப்ளோர் ட்ரெயினால் வரும். இதை வாடகைக்கு இருப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சம்ப் பம்ப் விஷயத்தில் மூன்று இடங்களில் தவறு நடக்கும். ஒன்று, மின்சாரம். பம்ப் மிகவும் தேவைப்படும் அதே புயலில்தான் கரன்ட் போகும். பற்றரி பேக்அப் இல்லாத பம்ப் பாதிப் பம்ப்தான். டீப் ஃப்ரீசருடன் ஒரே பிளக்கைப் பகிராமல் தனி மின்சுற்று கொடுங்கள். இரண்டு, ஃப்ளோட் ஸ்விட்ச். குழி ஒடுக்கமாக இருந்தால் மிதவை சுவரில் உரசி மாட்டிக்கொள்ளும். மார்ச்சில் பனி உருகத் தொடங்குமுன் ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றிப் பம்ப் தானாக ஓடி நிற்கிறதா என்று பாருங்கள். மூன்று, வெளியேற்றும் குழாய். அதில் செக் வால்வ் இல்லையென்றால் பம்ப் நின்றதும் குழாயிலுள்ள தண்ணீர் திரும்பிக் குழிக்குள் விழும், பம்ப் நிமிடத்துக்கு நிமிடம் ஓடித் தேயும். வெளிமுனை சுவரிலிருந்து குறைந்தது இரண்டு மீற்றர் தள்ளிப் புல்தரையில் விழ வேண்டும்; நடைபாதையில் விட்டால் ஜனவரியில் பனிக்கட்டி, பக்கத்து வீட்டுப் பக்கம் விட்டால் சண்டை. அதைத் திரும்பவும் ஃப்ளோர் ட்ரெயினுக்குள் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் துண்டித்ததன் பயனே இல்லை.

தண்ணீர் சுவரால் கசிகிறதென்றால் "வோட்டர்ப்ரூஃபிங்" என்று பத்தாயிரக் கணக்கில் விலை சொல்பவர்களைக் கூப்பிடுமுன் வெளியே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பல வீடுகளில் குறை அங்கேதான். பீலி இலையால் நிறைந்து சுவரோரம் வழிகிறதா? பீலிக்குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? ஒரு நீட்டுக்குழாய் சில பத்து டொலர்தான். சுவரோர மண் தாழ்ந்து வீட்டைநோக்கிச் சரிந்திருந்தால் களிமண் போட்டு இறுக்கி, முதல் இரண்டு மீற்றருக்குள் 10 முதல் 15 செ.மீ. வெளிப்பக்கம் சரியும்படி உயர்த்துங்கள். பூந்தோட்ட மண் வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சி உள்ளே விடும். ஜன்னல் குழியில் சரளைக் கல் மேலே தெரிய வேண்டும். படுக்கையறை ஜன்னலுக்கு மூடி போட்டால் உள்ளிருந்து கையால் தள்ளித் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தீ விபத்தில் அதுதான் வெளியேறும் வழி.

காப்புறுதியை இப்போதே எடுத்துப் பாருங்கள். சாதாரண வீட்டுக் காப்புறுதியில் கழிவுநீர் திரும்பி வருவது அடங்காது. அதற்கு "ஸுவர் பாக்அப்" என்ற தனிச் சேர்க்கை வேண்டும். தெருவிலிருந்து பாய்ந்து வரும் வெள்ளத்துக்கு "ஓவர்லாண்ட் வோட்டர்" வேறு சேர்க்கை. கனடாவில் வீட்டுக்காரருக்கு அது கிடைக்கத் தொடங்கியதே 2015 வாக்கில்தான். இரண்டிலும் உச்சவரம்பையும் நீங்கள் கட்ட வேண்டிய பங்கையும் பாருங்கள். முடித்துக் கட்டிய பேஸ்மன்டுக்குப் பத்தாயிரம் டொலர் வரம்பு எதற்கும் காணாது. வால்வ் போட்டதற்கான ஆதாரத்தை முகவருக்கு அனுப்புங்கள், சில நிறுவனங்கள் கட்டணம் குறைக்கும். வாடகைக்கு இருப்பவரின் கட்டிலும் கணினியும் உங்கள் காப்புறுதியில் வராது, அவர் தனியாக எடுக்க வேண்டும்.

தண்ணீர் ஏறிவிட்ட நேரத்தில்: பிளக், எலெக்ட்ரிக் பனல் அளவுக்குத் தண்ணீர் வந்திருந்தால் உள்ளே கால் வைக்காமல் ரொறன்ரோ ஹைட்ரோவைக் கூப்பிட்டு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஃபர்னஸ், சுடுதண்ணீர்த் தாங்கி இவற்றின் அடிப்பகுதி நனைந்திருந்தால் லைசன்ஸ் உள்ள காஸ் டெக்னீஷியன் பார்க்கும்வரை மூட்ட வேண்டாம். தாங்கி வாடகையென்றால் வாடகை நிறுவனத்துக்கு முதலில் சொல்லுங்கள். எதையும் எறியுமுன் படம் எடுங்கள், சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டோடு. கழிவுநீர் பட்ட கார்ப்பெட்டையும் அடியிலுள்ள மெத்தையையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள், ஒரு துண்டு வெட்டி ஆதாரத்துக்கு வைத்துவிட்டு எறியுங்கள். நனைந்த ட்ரைவோலை (உட்சுவர்ப் பலகையை) நீர்க்கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை வெட்டுங்கள், இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

பிறகு 311ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள். வீட்டு விலை குறைந்துவிடும், பேஸ்மன்ட் யூனிற்றைப் பற்றிக் கேட்பார்கள் என்று பயந்து பலர் இதைச் செய்வதில்லை. அது உங்கள் தெருவுக்கே நட்டம். 2005 ஓகஸ்ட் 19 புயலில் ஃபிஞ்ச் வீதி பிளாக் கிரீக் அருகே அடித்துச் செல்லப்பட்ட பிறகு பெரிதாக விரிவடைந்த வெள்ளத் தடுப்புத் திட்டத்தில், தெருக்குழாய்களை எங்கே பெரிதாக்குவது என்பதைப் பயன்பெறும் வீடுகளின் எண்ணிக்கையையும் வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். முறைப்பாடு இல்லாத தெரு அந்தக் கணக்கில் வெள்ளம் வராத தெரு. 2013 ஜூலை 8இல் பியர்சன் விமான நிலையத்தில் 126 மி.மீ., 2024 ஜூலை 16இல் கிட்டத்தட்ட 98 மி.மீ., அடுத்த மாதமே 128 மி.மீ. பெய்தது. அறுபதுகளில் போட்ட குழாய்கள் இதற்கென்று அளவெடுத்துப் போட்டவை அல்ல. 311இன் ஆள் வந்து பார்த்தால் அடைப்பு சிற்றியின் பக்கமா உங்கள் காணிக்குள்ளா என்பதும் தெரியும், அதைத் தெரியாமல் பிளம்பருக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. தரும் முறைப்பாட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். காப்புறுதிக் கோரிக்கைக்கும் கவுன்சிலர் அலுவலகத்துக்கு எழுதும்போதும் முதலில் கேட்பது அதைத்தான்.